பேரன் கேட்ட மூன்று லட்சம்

எங்கள் வீட்டு மாடி அறையில் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. "தாத்தா, தயவு செஞ்சு இதை அணைக்காதீங்க" என்று சிவப்பு மையில் என் பேரன் எழுதி ஒட்டியது. ராத்திரி படுக்கப் போகுமுன் வீடு முழுக்கச் சுற்றி, விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவது என் நாற்பது வருடப் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு வந்த தடையுத்தரவு இது.

நான் சிரித்ததைப் பார்த்து அவன் ஒரு கதை சொன்னான். உலகத்தின் முதல் வெப் சர்வரிலும் இப்படி ஒரு சீட்டு ஒட்டியிருந்ததாம். ஜெனீவாவுக்குப் பக்கத்தில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வைத்திருந்த கணினி அது. இது சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்ற பொருளில் அதில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். யாராவது பொறுப்பாக அணைத்துவிட்டுப் போயிருந்தால் உலகத்தின் முதல் இணையதளம் அன்றைக்கு இருட்டாகியிருக்கும்.

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்ன கையோடு மூன்று லட்சம் ரூபாய் கேட்டான். அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் இதே கேள்வி வேறு சில நண்பர்கள் வீட்டிலும் வந்திருக்கிறது. பிள்ளைகளும் பேரன்களும் வீட்டிலேயே ஒரு கணினியை வைத்து 'ஹோஸ்டிங்' செய்கிறோம் என்கிறார்கள். நமக்கு என்ன, ஏது என்று புரிவதில்லை. பணம் கொடுக்கலாமா கூடாதா என்று முழிக்கிறோம்.

முதலில், அது என்ன தொழில் என்று எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். ஒரு ஊறுகாய்க் கடைக்கோ டியூஷன் சென்டருக்கோ இணையதளம் இருக்கிறது என்றால், அதன் பக்கங்கள், படங்கள், கணக்குகள் எல்லாம் எங்கோ ஒரு கணினிக்குள் இருந்தாக வேண்டும். அந்தக் கணினி ராப்பகலாக விழித்திருந்து, யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் சர்வர். அதில் மற்றவர்களுக்கு இடம் கொடுத்து வாடகை வாங்குவது ஹோஸ்டிங். பெரிய கம்பெனிகள் இதைக் குளிரூட்டிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகளை வைத்துச் செய்கின்றன. என் பேரன் மாடி அறையில், பழைய கணினி ஒன்றில் புது டிஸ்க் இரண்டு போட்டு, பதினோரு வாடிக்கையாளர்களுக்குச் செய்துவந்தான். ஆளுக்கு வருடம் 1,500 ரூபாய்.

நான் குமாஸ்தா. கணக்கு போடாமல் இருக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை உட்காரவைத்துப் போட்டேன். வரவு 16,500. கணினி 60 வாட் இழுக்கிறது என்றான். இருபத்து நாலு மணி நேரமும் ஓடினால் வருடத்துக்கு 525 யூனிட். யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்தால் 3,150. இணைய இணைப்பு, நிலையான முகவரிக்குத் தனிக் கட்டணம் சேர்த்து, மாதம் ஆயிரம், வருடம் 12,000. யூபிஎஸ் பேட்டரியும் டிஸ்க்கும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவை. அதற்கு வருடம் 4,000 எடுத்து வைக்க வேண்டும். ஆகச் செலவு 19,150. நஷ்டம் 2,650.

"இன்டர்நெட் எப்படியும் வீட்டுக்கு வேணும் தாத்தா, அதுல பாதிதான் போடணும்" என்றான். நியாயம்தான். பாதி போட்டேன். லாபம் 3,350 ரூபாய். மாதத்துக்கு 280 ரூபாய்கூட இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவன் பார்க்கும் வேலைக்குக் கூலி இதில் சேர்க்கவே இல்லை.

நிலையான முகவரி என்றேனே, அது ஒரு தனிக் கதை. வீட்டுக்குக் கொடுக்கும் இணைய இணைப்பில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைப் பகிர்ந்து கொடுப்பது வழக்கம். ஒரு தெருவுக்கே ஒரு கதவு எண் என்பது மாதிரி. உள்ளேயிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து வருகிறவன் எந்த வீடென்று தெரியாமல் திரும்பிவிடுவான். அதனால் தனி எண் வாங்க வேண்டும். வாங்கினாலும், வீட்டு இணைப்பிலிருந்து போகிற மின்னஞ்சலைப் பல நிறுவனங்கள் குப்பைக் கூடையில் போட்டுவிடும். வீட்டு இணைப்பை வைத்து வியாபாரம் செய்யக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருப்பதும் உண்டு. அந்தச் சின்ன எழுத்தை முழுக்க வாசித்தவன் எங்கள் வீட்டில் நான் ஒருத்தன்தான்.

ஆனால் என் யோசனை லாப நஷ்டத்தில் நிற்கவில்லை. முதல் மூன்று வருடம் எந்தக் கடைதான் லாபம் பார்க்கிறது? என்னை நிறுத்தியது ஃபெஞ்சல் புயல்.

2024 நவம்பர் 30. நம்மூர்க்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. எங்கள் தெருவில் மின்சாரம் போனது. வெள்ளத்தில் போகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து. யூபிஎஸ் ஒன்றரை மணி நேரம் தாங்கியது. அப்புறம் மாடி அறை இருட்டு. மின்சாரம் திரும்பி வந்தது மறுநாள் கழித்து. வந்த வேகத்தில் ஏற்ற இறக்கம் ஏதோ இருந்திருக்கிறது. பெட்டிக்குள் இருந்த இரண்டு டிஸ்க்கும் போய்விட்டன. ஒன்று மூலம், இன்னொன்று அதன் படி. இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே மின்கம்பியில்.

அவனுடைய லேப்டாப்பில் மூன்று வாரத்துக்கு முந்தைய பேக்கப் ஒன்று இருந்தது. பத்துப் பேருக்கு அது போதுமாக இருந்தது. ஊறுகாய்க் கடையில் மூன்று வாரத்தில் பெரிதாக எதுவும் மாறவில்லை. பதினோராவது ஆள் ஒரு மதாம். பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமான பிறகு தன் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் இருக்கிறவர். டிசம்பர் கடைசி வாரந்தான் அவருக்கு அறுவடை. அதற்கான முன்பதிவுகள் வந்தது அந்த மூன்று வாரத்தில்தான். மின்னஞ்சலும் அதே பெட்டியில்.

அவர் பேரனுக்குப் போன் செய்யவில்லை. எனக்குச் செய்தார். "முசியே, என் வீட்டு வாசல்ல யாரோ பூட்டு போட்டுட்ட மாதிரி இருக்கு. யார் வராங்க, எப்ப வராங்கன்னு எனக்கே தெரியல" என்றார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். என் மேல் இருந்த மரியாதையில்தான் அவர் என் பேரனிடம் வேலையைக் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும்.

மதாமைக் காப்பாற்றியது எந்தக் கணினியும் இல்லை. ஒவ்வொரு முன்பதிவும் வந்ததும், சமையலறை அலமாரியில் இருக்கும் கோடு போட்ட நோட்டில் பெயர், தேதி, தொலைபேசி எண் என்று எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. "இயந்திரத்தை நம்பலையான்னு உங்க பேரன் கேட்பான்னுதான் சொல்லல" என்றார். பேரனும் நானும் ஒரு நாள் முழுக்க அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அந்த நோட்டை வைத்து எல்லாருக்கும் போன் செய்தோம். பிரெஞ்சில் பேச வேண்டியவர்களோடு நான் பேசினேன். இரண்டு பேர் மட்டும், தளம் திறக்கவில்லை என்று பயந்து வேறு இடம் பிடித்துவிட்டிருந்தார்கள். அந்த வாடகையைக் கொடுக்கிறோம் என்றோம். மதாம் வாங்கவில்லை.

அன்றைக்கு அந்த நோட்டைப் பார்த்தபோது என் பழைய வேலைதான் நினைவுக்கு வந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால், அரசுப் பணியில் சேர்ந்த சில வருடங்களிலேயே பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளின் பக்கம் என்னைத் தள்ளிவிட்டார்கள். அந்தக் காலக் கையெழுத்தை வாசிக்க ஆள் வேண்டும். பிறப்பு, திருமணம், இறப்பு என்று நம்மூர் மனிதர்களின் வாழ்க்கை முழுதும் அந்த ஏடுகளில். பென்ஷனுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமைக்கும் அந்த ஒரு பக்கம்தான் ஆதாரம். ஒருமுறை, தன் தகப்பனாரின் பிறப்புப் பதிவைத் தேடி ஒருவர் வந்தார். ஏட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. அவர் முகத்தை இன்னும் மறக்கவில்லை. தகப்பனார் பிறக்கவே இல்லை என்று நான் சொல்லிவிட்டதைப் போலப் பார்த்தார்.

ஆனால் அவருக்குப் பதிவு கிடைத்தது. காரணம், பிரெஞ்சுக்காரர்களின் பதிவு முறையில் ஏடு ஒன்றில்லை, இரண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் எழுதப்படும், இரண்டிலும் கையெழுத்து. ஒன்று மேரியில், அதாவது நகராட்சியில். இன்னொன்று நீதிமன்றப் பதிவகத்தில். காலனி நாடுகளுக்கு அதுவும் போதாதென்று, 1776-ல் பதினாறாம் லூயி மன்னர் ஓர் ஆணையிட்டு, வெர்சாயில் ஒரு காப்பகம் ஏற்படுத்தினார். வெப்பமும் பூச்சியும் புயலும் போரும் உள்ள ஊர்களில் காகிதம் நிலைக்காது என்று தெரிந்து, ஒரு படியைக் கடல் கடந்து அங்கே அனுப்பச் சொன்னார். புதுச்சேரியின் பழைய ஏடுகள் இன்றும் தென் பிரான்சில், ஏக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் காப்பகத்தில் இருக்கின்றன.

இத்தனை விவரமான ஏற்பாட்டைக் காலனிகளுக்குச் செய்த அதே நாடு, தன் தலைநகரில் கோட்டை விட்டது. பாரிஸிலும் இரண்டு ஏடுகள் இருந்தன. ஒன்று நகராட்சி வசம், இன்னொன்று நீதிமன்ற மாளிகையில். இரண்டும் ஒரே ஊரில். 1871 மே மாதம், பாரிஸ் கம்யூனின் கடைசி நாட்களில் இரண்டு இடத்திலும் தீ. 1860-க்கு முந்தைய பதிவுகள் சுமார் எண்பது லட்சம் சாம்பலாயின. பிற்பாடு எத்தனையோ வருடம் பாடுபட்டும் மூன்றில் ஒரு பங்கைத்தான் மீட்டெழுத முடிந்தது. என் பேரனின் இரண்டு டிஸ்க்கும் அதே கதைதான். படி இருந்தது, ஆனால் மூலத்தின் மடியிலேயே இருந்தது.

இதைச் சொன்னேன். அவன் சும்மா விடவில்லை. "ஓவிஎச் தெரியுமா தாத்தா? ஐரோப்பாவுல ஒரு பெரிய ஹோஸ்டிங் கம்பெனி. 1999-ல ரூபேல ஒக்தாவ் க்ளாபான்னு ஒருத்தர், போலந்துல இருந்து வந்த குடும்பம், அப்பா அம்மா தம்பியோட சேர்ந்துதான் ஆரம்பிச்சார்" என்றான். அதனால்தான் மூன்று லட்சம். அதில் புதுக் கணினி இரண்டு, பெரிய பேட்டரி வரிசை, மாடி அறைக்கு ஏசி எல்லாம் வாங்கலாம் என்பது அவன் திட்டம்.

சரிதான். ஆனால் அதே கம்பெனியின் இன்னொரு தேதியும் எனக்குத் தெரிந்திருந்தது. 2021 மார்ச் 10. ஸ்த்ராஸ்பூரில் அவர்களுடைய ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று விடிவதற்குள் எரிந்து முடிந்தது. பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி சேதம். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. லட்சக்கணக்கான இணையதளங்கள் நின்றன. படி எங்கேயோ பத்திரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த பலருக்கு, அதுவும் அதே வளாகத்தில்தான் இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. பேக்கப்புக்கென்று தனிக் கட்டணம் கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளர் வழக்குப் போட, 2023-ல் லீல் வணிக நீதிமன்றம், படியை மூலம் இருந்த இடத்திலேயே வைத்தது தவறு என்று அவருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

ஆகவே, பெரிய கட்டடம் பத்திரம், மாடி அறை ஆபத்து என்று சொல்ல வரவில்லை. கட்டடம் எதுவானாலும் விழும். நம் கடற்கரை மேரிக் கட்டடமே 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைப் பார்த்தவர்கள்தானே நாம். அதைப் பழைய வடிவத்தில் திரும்பக் கட்டிவிட்டார்கள். எழுத்து போனால் அப்படிக் கட்ட முடியாது.

என் அபிப்பிராயம் இதுதான்: வீட்டில் சர்வர் வைக்கலாம், ஆனால் அதில் மூலத்தை வைக்காதே, படியை வை.

சொந்த உபயோகத்துக்கு, படிப்பதற்கு, குடும்பப் படங்களுக்கு வீட்டு சர்வரைப் போல நல்ல பள்ளிக்கூடம் இல்லை. என் பேரன் கல்லூரியில் படிக்காததை அதில் படித்தான். ஆனால் இன்னொருவர் கையிலிருந்து 1,500 ரூபாய் வாங்கிய நிமிடம் அது பொழுதுபோக்கு இல்லை. அரசுக் குமாஸ்தாவின் வேலை. அடுத்தவருடைய ஏட்டுக்கு நீ காவல். இந்தத் தொழிலில் 99.9 சதவீதம் திறந்திருக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அப்படிச் சொன்னால் வருடம் முழுவதற்கும் எட்டே முக்கால் மணி நேரம்தான் மூடியிருக்க அனுமதி. ஒரு ஃபெஞ்சலில் நாலு வருடத்து அனுமதியும் போய்விடுகிறது. கடற்கரை ஊரில் மாடி அறையிலிருந்து கொடுக்க முடியாத வாக்கு அது.

சட்டமும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது. சைபர் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் ஓர் உத்தரவு போட்டது. சேவை தருகிறவர்கள் யார், எப்போது, எங்கிருந்து நுழைந்தார்கள் என்ற பதிவை 180 நாள் வைத்திருக்க வேண்டும். திருட்டோ தாக்குதலோ நடந்தால் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இதை நான் வாசித்துக் காட்டியபோதுதான் பேரன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மூன்று லட்சம் கொடுக்கவில்லை. அறுபதாயிரம் கொடுத்தேன், நாலு நிபந்தனையோடு. வாடிக்கையாளர்களின் தளங்கள் மும்பையில் ஒரு தரவு மையத்தில் வாடகைக்கு எடுத்த இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ராத்திரியும் அதன் படி எங்கள் மாடி அறைக்கு வர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்னொரு படி, டிஸ்க்கில், கோயம்புத்தூரில் என் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். இது முதல் நிபந்தனை.

இரண்டாவது, அந்தப் படியைத் திறந்து பார்க்க வேண்டும். நாங்கள் வருடம் ஒருமுறை இருப்புச் சரிபார்ப்போம்; ஏடு அலமாரியில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் கரையான் உள்ளே தின்றுகொண்டிருப்பது தெரியாது. மூன்றாவது, கொடுக்க முடியாத வாக்கை வாடிக்கையாளருக்குக் கொடுக்கக்கூடாது. 99.9 என்ற எண்ணை எடுத்துவிட்டு, என்ன செய்வோம், என்ன முடியாது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

நாலாவதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு குமாஸ்தா நாலு நாள் லீவில் போனாலும் சார்ஜ் ஒப்படைத்துவிட்டுத்தான் போவான். எந்தச் சாவி எங்கே, எந்தக் கோப்பு யாருடையது என்று பட்டியல் இருக்கும். "உனக்கு டெங்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா, மதாம் யாரைக் கேப்பாங்க?" என்றேன். பதில் இல்லை. இருபத்து நாலு வயதில் தனக்கு எதுவும் ஆகாது என்றுதான் யாருக்கும் தோன்றும். கடைசியில் கடவுச்சொற்களை எழுதி உறையில் போட்டு ஒட்டி என்னிடம் கொடுத்தான். இதே வேலை தெரிந்த அவன் நண்பன் ஒருவன் பெயரும் எண்ணும் உறை மேல் இருக்கிறது. என் பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.

இப்போது வாடிக்கையாளர்கள் பதினான்கு பேர். வாடகையை 3,000 ஆக்கியதில் ஊறுகாய்க் கடைக்காரர் உட்பட இரண்டு பேர் போய்விட்டார்கள். ஐந்து பேர் புதிதாக வந்தார்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்குகிறேன் என்று இப்போதெல்லாம் அவன் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை. மதாம் இன்னும் நோட்டில் எழுதுகிறார். எழுதுங்கள் மதாம் என்று அவனே சொன்னானாம்.

போன வாரம் ராத்திரி சுற்றி வரும்போது அந்தச் சிவப்புக் காகிதத்தைப் பார்த்து, "இப்ப இதை அணைக்கலாமாடா?" என்று கேட்டேன்.

"ஒரு ராத்திரி அணைஞ்சா ஒண்ணும் ஆகாது தாத்தா. ரெண்டாவது ராத்திரி வேண்டாம்" என்றான்.

அணைக்கவில்லை. கதவை மட்டும் சாத்திவிட்டு வந்து படுத்தேன்.